திருவையாற்று ஆராதனையும் பெங்களூர் நாகரத்தினம்மாளும்

நாம் வாழும் பெங்களூரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துத் தாங்கிய ஓர் அம்மையார் இல்லையேல், திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனை இன்றுள்ள வடிவில் நடந்திராது. பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தினின்றும் வந்து அடுகோடியில் குடியேறிய நம்மவர், அவரை அறிந்து வைத்தல் தகும் என்றெண்ணி இவ்வரலாற்றை எழுதத் துணிந்தோம்.

1767இல் திருவாரூரில் பிறந்த தியாகராசர், 1847 ஜனவரி 6ஆம் நாள், புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் மறைந்தார். இறுதியில் துறவு பூண்டவராதலின் அவரது உடலைக் காவிரிக் கரையிலே அடக்கம் செய்து, சிறியதொரு பிருந்தாவனம் எழுப்பினர். பின்னர் மாணாக்கர் தத்தம் ஊர்களில் குருவின் திதியைக் கொண்டாடினரே ஒழிய, சமாதியைப் பேணுவார் இலர். முட்புதர் அதனை மூடிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதுமை எய்திய மாணாக்கரான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதனைக் கண்டு உள்ளம் நொந்து செப்பனிட்டனர். 1908ஐ ஒட்டித் தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர் என்னும் உடன்பிறந்தார் இசைவிழாவாக அதனை வளர்த்தனர்.

விழா வளர்ந்தது, பிணக்கும் உடன் வளர்ந்தது. பெரிய கட்சி, சின்ன கட்சி என இரண்டாகப் பிரிந்து, ஒருவர் பஞ்சமியன்று முடிக்க, மற்றவர் அன்று தொடங்கினர். ஒரு மகானுக்கு இரண்டு விழா! ஒன்றில் மட்டும் இரு கட்சியாரும் ஒத்திருந்தனர்: சந்நிதியில் பெண்கள் பாடுதல் கூடாது.

நஞ்சன்கூட்டில் 1878இல், தேவதாசி மரபில் பிறந்தவர் நாகரத்தினம்மாள். மைசூரிலும் பெங்களூரிலும் கலை பயின்று, சென்னையில் பெரும் புகழும் பொருளும் ஈட்டினார். அவர் வெறும் பாடகியல்லர், புலமை மிக்கவர். தஞ்சை அரசவையைச் சார்ந்த முத்துபழனி என்னும் பெண்பாற்புலவர் தெலுங்கில் இயற்றிய 'ராதிகா சாந்த்வனமு' என்னும் காவியத்தைச் சிதைவின்றி 1910இல் பதிப்பித்தார். ஆபாசம் என்று அரசினர் அதனைத் தடை செய்தனர். அத்தடை 1947இல்தான் நீங்கிற்று. பெண் எழுதியதைப் பெண் பதிப்பித்தது பொறுக்கவில்லை போலும்.

1921இல், சமாதியின் சீர்கேட்டைக் குறித்து அவருடைய குருவாகிய மைசூர் பிடாரம் கிருஷ்ணப்பா மடல் எழுதினார். அம்மையார் திருவையாறு சென்றார். நிலத்துக்கு உரியவரைத் தேடிப் பிடித்து விலைக்கு வாங்கினார். நகைகளையும் உடைமைகளையும் விற்றுக் கோயில் எழுப்பினார். தியாகராசரின் திருவுருவை நிறுவி நாள் வழிபாட்டுக்கும் வகை செய்தார். இத்தனையும் செய்தவர், தாம் கட்டிய கோயிலின் முன் விழாவில் பாடலாகாதாம்! அவர் வழக்காடிக் காலத்தைப் போக்கவில்லை. சமாதியின் பின்புறத்தில் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். அவ்வாறு மூன்றாவது கட்சியும் உண்டாயிற்று.

எஸ். ஒய். கிருஷ்ணசாமி போன்றோரின் முயற்சியால் 1940-41இல் மூன்றும் ஒன்றாயின. பெண்களும் சேர்ந்து பாடினர். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லோரும் ஒருங்கிருந்து பாடும் வழக்கம் அதன் பின்னரே நிலைபெற்றது. தொன்றுதொட்டு வந்ததென்று பலர் எண்ணும் காட்சிக்கு வயது நூறுகூட ஆகவில்லை.

அயர்லாந்திலும் இத்தகைய நாட்டிசைப் பெருவிழா ஒன்று 1951இல் முல்லிங்கர் என்னும் ஊரில் தொடங்கிற்று. அது ஊர்விட்டு ஊர் மாறி நடைபெறுவது. நமதோ ஒரு சமாதியை விட்டு நகராதது.

மொழிப் பூசலும் இவ்விழாவைத் தீண்டாமல் விடவில்லை. 1946இல் தண்டபாணி தேசிகர் அங்குத் தமிழ்ப் பாடல் பாடியது பெருஞ்சர்ச்சை ஆயிற்று. தமிழ்மண்ணில் தமிழ்ப் பாட்டுக்குத் தடையா என்று தமிழிசை அன்பர் வெகுண்டது முறையே. ஆயினும் தெலுங்குப் பாடல்கள் தழைத்ததும், கன்னட நாட்டு மாது கோயில் எழுப்பியதும் அதே மண்ணில்தான். வேற்றுமொழி நாட்டில் வாழும் நமக்கு இவ்விரண்டும் சேர்ந்தே நினைவிருத்தல் வேண்டும்.

நாகரத்தினம்மாள் தம் பிற்காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்து, 1952 மே 19ஆம் நாள் மறைந்தார். அவருடைய சமாதியும் உருவச் சிலையும், அவர் கட்டிய கோயிலை நோக்கியவாறு அருகிலேயே அமைந்துள்ளன.