கூடையை நிரப்புவது யார்?

பண்டிகைகளைப் பற்றி நம் வட்டத்தில் நெடுநாளாக இரண்டு வகைப் பேச்சுகள் உண்டு. பண்டிகை என்பது புராணத்தை மனத்தில் ஏற்றும் கருவி, அதை விட்டொழிக்க வேண்டும் என்பது ஒன்று. பண்டிகை மக்கள் பண்பாடு, சந்தை அதை அழித்துவிட்டது, மீட்டெடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இரண்டுமே பண்டிகையை நம்பிக்கையாகவோ நினைவாகவோ மட்டும்தான் பார்க்கின்றன. பண்டிகைக்கு ஒரு நாள் வேண்டும். ஒரு இடம் வேண்டும். குழந்தையின் கையில் கொடுக்க ஏதாவது ஒரு பொருள் வேண்டும். நாள் யாருடையது, இடம் யாருடையது, பொருளைக் கொடுப்பது யார் என்று இந்த இரண்டு பேச்சும் கேட்பதில்லை.

இந்தக் கேள்விகளை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்சாலைச் சாலையை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. நான் வளர்ந்த பகுதி இது. மனைப்பிரிவுகளுக்கு நடுவே முளைத்துள்ள ஆங்கிலப் பள்ளி ஒன்றில் சென்ற ஆண்டு ஈஸ்டருக்குக் குழந்தைகள் கூடை கொண்டுவர வேண்டும் என்று சீட்டு அனுப்பினார்கள். கூடை, பச்சைக் காகிதப் புல், பிளாஸ்டிக் முட்டை, பொம்மை முயல், சாக்லேட் என்று பட்டியல். இரவு ஷிஃப்ட் முடித்து வந்த பக்கத்து வீட்டுப் பெண் சீட்டை என்னிடம் நீட்டிக் கேட்டார்: "இன்னாண்ணா இது? முயலுக்கும் இயேசுவுக்கும் இன்னா சம்மந்தம்?" நல்ல கேள்விதான். அதற்கு விடை வேதாகமத்தில் இல்லை, சமூக வரலாற்றில் இருக்கிறது.

1

முட்டை பண்டிகைக்குள் வந்ததற்கு மிகச் சாதாரணமான காரணம் உண்டு. மத்தியகால ஐரோப்பாவில் தவக்காலத்தின் நாற்பது நாள்களும் முட்டை விலக்கு. மனிதர்கள் நோன்பிருந்தாலும் கோழி இருக்காது. ஈஸ்டர் வரும்போது வீட்டில் முட்டை சேர்ந்திருக்கும். அந்த முட்டையும் முழுக்கக் குடியானவனுடையதல்ல. இங்கிலாந்துப் பண்ணைகளில் ஈஸ்டருக்கு இத்தனை முட்டை, கிறிஸ்துமஸுக்கு இத்தனை கோழி என்று பிரபுவுக்குச் செலுத்தும் வாரம் இருந்தது. கீழிருந்து மேலே போன வரி அது. இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. லங்காஷயர், யார்க்ஷயர் பகுதிகளில் ஈஸ்டர் சமயத்தில் ஏழை இளைஞர்கள் வேடம் கட்டி வசதியான வீடுகளின் வாசலில் போய் நின்று முட்டையும் காசும் கேட்டார்கள். அதைப் பிச்சை என்று அவர்கள் நினைக்கவில்லை. அந்த நாளில் கேட்பது உரிமை, கொடுப்பது கடமை.

முயல் வேறு வழியில் வந்தது. அல்சாஸ் முதலிய பகுதிகளில் முயல் முட்டையை ஒளித்துவைக்கும் என்று குழந்தைகளிடம் சொல்வதை 1682இல் ஃபிராங்கனாவ் என்ற ஜெர்மானிய மருத்துவர் பதிவுசெய்திருக்கிறார். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே குழந்தைகள் தங்கள் தொப்பியையே கூடாக்கி முயலுக்கு வைத்தார்கள். தொப்பி பின்னால் கூடையானது. 1873இல் ஃப்ரை, 1875இல் கேட்பரி நிறுவனங்கள் சாக்லேட் முட்டையைச் சந்தைக்குக் கொண்டுவந்தன.

இங்கு கவனிக்க வேண்டியது இதுதான். தெருவில் வர்க்கத்துக்கும் வர்க்கத்துக்கும் இடையே நடந்த கேட்டலும் கொடுத்தலும் 19ஆம் நூற்றாண்டில் வீட்டுக்குள் போய்விடுகிறது. இனி பெற்றோர் கொடுப்பார்கள், அவர்களுடைய சொந்தக் குழந்தைகள் வாங்கிக்கொள்வார்கள். ஏழை வாசலில் நிற்கத் தேவையில்லை, நிற்கவும் கூடாது. கிறிஸ்துமஸ் விஷயத்தில் இந்த மாற்றத்தை ஸ்டீபன் நிஸ்ஸன்பாம் 1996இல் வெளிவந்த தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். 'குடும்பப் பண்டிகை' என்று நாம் இயல்பாகச் சொல்வது இப்படிக் கட்டமைக்கப்பட்டதுதான். ஒரு உரிமை கைவிடப்பட்ட இடத்தில் ஒரு பரிசு வைக்கப்பட்டது எனலாம்.

2

நம் பக்கத்தில் கூடை எப்படி இருந்தது?

செங்கல்பட்டுச் சீமை மிராசு முறையின் தாயகம். 1818இல் அச்சான எல்லிஸின் மிராசு உரிமை பற்றிய பதில்கள் இந்தப் பகுதியைத்தான் மையமாகக் கொண்டவை. விளைச்சல் களத்துக்கு வந்ததும் மிராசுதாரர் வீட்டுக்குப் போகும் முன்பே தச்சர், கொல்லர், வண்ணார், வெட்டியார், பண்ணையாள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு அளக்கப்படும். மேரை, களவாசம் என்ற பெயர்களோடு இதற்கு வழங்கிய இன்னொரு பெயர் சுதந்திரம். ஆமாம், சுதந்திரம்தான். பிற்பாடு நாம் கொடியேற்றிக் கொண்டாடிய அதே சொல், இங்கே களத்தில் அளக்கிற நெல்லுக்குப் பெயராக இருந்தது. அது இனாம் அல்ல, சேரவேண்டிய பங்கு.

ஆனால் இந்தப் பங்கைப் புகழ்ந்து கிராமத்தைச் சொர்க்கமாக்கிவிட முடியாது. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் எழுதிய குறிப்பு, பறையர்களுக்குக் குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதாரர் நினைத்தால் வெளியேற்றலாம் என்ற நிலையைச் சொல்கிறது. களத்தில் பங்கு, வாசலில் இனாம் என்று இரண்டும் சேர்ந்துதான் ஆளைக் கட்டிப்போட்டன. எங்க ஆயா சொல்லுவாங்க: "பொங்கலுக்கு மறுநாளு ஆண்டை வூட்டுக்குக் கூடை எடுத்துனு போவோம். வாசப்பக்கம் போவக்கூடாது. மாட்டுக்கொட்டாயாண்ட நிக்கணும். அரிசி, கரும்புத் துண்டு, பழைய துணி போடுவாங்க. பசங்கள இட்டுனு போனா ரெண்டு கை கூட வரும்." கடைசி வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். குழந்தை இருந்தால் கூடை நிறையும். அந்தக் குழந்தை கரும்போடு சேர்த்து, எங்கே நிற்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டு திரும்பும். பரிசு கடனை உண்டாக்குகிறது என்று மார்சல் மாஸ் 1925இல் எழுதினார். எங்க ஆயாவுக்கு அது கொட்டாய் ஓரத்திலேயே தெரிந்திருந்தது.

இந்த வாசலை விட்டு விலக ஒரு வழியாகத்தான் பலர் மிஷனை நாடினார்கள். ஸ்காட்லாந்து சுயாதீனச் சபையின் ஆடம் ஆண்ட்ரூ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டுப் பகுதியில் தலித் கிறிஸ்தவர்களுக்கென்று குடியிருப்புகளை உண்டாக்கினார். மறைமலைநகர் அருகிலுள்ள மெல்ரோசாபுரம் அவற்றில் ஒன்று. ட்ரெமன்ஹீரின் குறிப்பைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணை பஞ்சமி நிலத்துக்கு வழிசெய்தது. சொந்த மனை, சொந்த நிலம் என்றால் சொந்த வாசல் என்று பொருள். கோலம் போட ஒரு வாசல் வேண்டுமென்றாலும் அதற்கு முதலில் நிலம் வேண்டியிருந்தது. அந்த நிலமும் கைமாறிப் போனது; திரும்பக் கேட்டபோது என்ன நடந்தது என்பதும் தெரிந்ததே. காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள்.

3

யாரும் நிரப்பாத கூடை ஒன்றும் குழந்தைகளிடம் இருந்தது. அதைப் பனை கொடுத்தது.

குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள் பெரியவர்கள் குருத்தை வெட்டிக்கொண்டு வருவார்கள். சிலுவைக்குப் போக மீந்த ஓலை எங்களுக்கு. கிளி, காத்தாடி, பந்து, கிலுகிலுப்பை, சின்னக் கொட்டான் எல்லாம் பின்னுவோம். ஈஸ்டர் கூடை என்று நாங்கள் அறிந்தது இந்தக் கொட்டானைத்தான். உயிர்த்தெழுந்த ஞாயிறு விடியற்கால ஆராதனை முடிந்து கொடுக்கும் பொரிகடலை அதில்தான் விழும்.

கார்த்திகைக்கு மாவளி. இதில் மதம் பார்த்து யாரும் ஒதுங்கி நின்றதில்லை. ஆண் பனையின் காய்ந்த பூக்கதிர்களைப் பொறுக்கி வந்து, குழிக்குள் போட்டுக் கொளுத்தி, சாம்பலாகிவிடாமல் மண்போட்டு மூடினால் கரியாகும். அதை நைசாக இடித்து, பழைய வேட்டித் துணியில் வைத்துச் சுருட்டி இறுக்கிக் கட்ட வேண்டும். மூன்றாகப் பிளந்த பனைமட்டைக்கு நடுவில் அதைச் செருகி, கயிறு கட்டி, நெருப்பு வைத்துத் தலைக்குமேல் சுற்றினால் பொறி குடை மாதிரி விரியும். காசு ஒரு பைசா கிடையாது. அப்பா கரியைப் பதம் பார்ப்பார், அண்ணன் மட்டை பிளப்பான், அம்மா துணி கிழித்துத் தருவார். பெரியவர்கள் இரண்டு மூன்று சாயங்காலம் வீட்டில் இருந்தால்தான் இது நடக்கும்.

ஆக மாவளிக்கு வேண்டியது மூன்று: மரம், சுற்றுவதற்கு வெட்டவெளி, பெற்றோரின் சாயங்காலம். இந்த மூன்றும் போன விதத்தைத்தான் இந்தச் சாலையின் வரலாறு என்கிறேன்.

4

1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. தொழிலுக்காக நிலம் எடுக்கத் தனிச் சட்டம் 1997இல் வந்தது. 2006இல் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான். வயல் மனையானதும் வரப்பும் வரப்புப் பனையும் போயின. இழப்பீடு என்பது பட்டாவைப் பார்த்து வருவது. களத்துச் சுதந்திரத்துக்குப் பட்டா கிடையாது. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தபோது இங்கே பல ஏரிக்கரைகள் மொட்டையாகிவிட்டிருந்தன.

சாயங்காலத்தை ஷிஃப்ட் எடுத்துக்கொண்டது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி வாரத்தின் முதல் நாளான ஞாயிறு ஓய்வாக இருந்தது. ஆனால் முன்பின் மூன்று நாள்களுக்குள் வேறு ஒரு நாளைக் கொடுத்துவிட்டு ஞாயிறில் வேலை வாங்கலாம் என்றிருந்தது. ஈஸ்டர் எப்போதும் ஞாயிறில்தான் வரும் என்பதால் பண்டிகை விடுமுறைப் பட்டியலில் அதற்கு வேலையே இல்லை. ஞாயிறு கைமாறும்போது சத்தமில்லாமல் ஈஸ்டரும் கைமாறிவிடுகிறது. முட்டை ஒளித்துவைக்க வேண்டிய அம்மா அப்போது கன்வேயர் பெல்ட்டில் நிற்பார்.

நாளை எடுத்துக்கொண்டவர்கள் பொருளைக் கொடுக்கிறார்கள். தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி, சில ஆலைகளில் குடும்ப தினம், குழந்தைகளுக்குப் பலூன். என் தங்கை வேலை பார்த்த ஒரு ஆலையில் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு கிலோ பெட்டி, கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அரைக் கிலோ. "பசங்க பிரிச்சுப் பாத்துட்டு, 'பக்கத்து வூட்ல பெருசா குட்த்தாங்களே'ன்னு கேக்குதுங்கண்ணா" என்றாள். கொட்டாய் ஓரத்துப் பாடம் அரைக் கிலோப் பெட்டியில் தொடர்கிறது.

குடும்பமே கணக்கில் வராத ஏற்பாடும் உண்டு. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பாதுகாப்பான இடம் வேண்டும் என்பது அந்தப் பெண்களின் நியாயமான தேவை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது தனியாள்களுக்கான கட்டில் கணக்கு. குழந்தைக்கு அதில் இடமில்லை. அதே ஆண்டு ஜூனில், ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலைக்கு மணமான பெண்கள் எடுக்கப்படுவதில்லை என்று ராய்ட்டர்ஸ் விசாரணைச் செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், விடுப்பு ஆகியவை காரணமாகச் சொல்லப்பட்டதாக அச்செய்தி கூறியது. நிறுவனம் மறுத்தது, புதிதாக எடுத்தவர்களில் நான்கில் ஒருவர் மணமானவர் என்றது. கணக்கு எதுவாக இருந்தாலும், பண்டிகையை நடத்துகிற ஆள் உற்பத்திக்குத் தொந்தரவு என்று ஒரு பேச்சு இங்கே புழங்குகிறது என்பது நமக்குத் தெரியாததல்ல.

5

பண்டிகையை மீட்போம் என்று சொல்லும் தோழர்களுக்கு, மீட்கவேண்டியது மாவளியை அல்ல என்று சொல்வேன். மாவளி இப்போது சென்னையிலேயே விலைக்குக் கிடைக்கிறது. வாங்கிச் சுற்றுவதில் தவறும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் பிளாஸ்டிக் முட்டை வாங்கிக் கொடுத்ததிலும் தவறில்லை, குழந்தை சிரித்தது. கூடை ஜெர்மானியதா, தமிழா என்பது இரண்டாம் கேள்வி.

முதல் கேள்வி நாளைப் பற்றியது. தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டம் 1958இல் வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்கள் போக, ஐந்து பண்டிகை நாள்களை அது சம்பளத்தோடு தருகிறது. எந்த ஐந்து என்பதை ஆய்வாளர் முதலாளியையும் தொழிலாளரையும் கலந்துகொண்டு குறிக்க வேண்டும். அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுமுறை. எது வேண்டும் என்று சொல்லும் உரிமை தொழிலாளிக்கு. 'கலந்துகொண்டு' என்ற அந்த ஒரு சொல்லில் பழைய களத்துப் பங்கின் நிழல் இருக்கிறது. ஆனால் கலந்துகொள்ள எதிரில் ஒரு ஆள் இருக்க வேண்டும், சங்கம் இருக்க வேண்டும். 2024 செப்டம்பர் 9இல் தொடங்கிய சாம்சங் வேலைநிறுத்தத்தின் 33ஆம் நாள் ஆயுத பூஜை. அந்த ஆண்டு அந்தத் தொழிலாளர்கள் கேட்டவற்றில் முதன்மையானது இனிப்புப் பெட்டி அல்ல, சங்கப் பதிவு. 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது.

ஒவ்வொரு ஆலையிலும் அடுத்த ஆண்டுக்கான பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுவதற்கு முன், கான்ட்ராக்ட் தொழிலாளரையும் பயிற்சித் தொழிலாளரையும் விடுதிப் பெண்களையும் உட்காரவைத்து, எந்த நாளில் உங்கள் பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று கேட்கச் செய்வது சங்கங்களால் முடிகிற காரியம். பெரிய வெள்ளியைக் கேட்பவர் இருப்பார், பக்ரீத்தைக் கேட்பவர் இருப்பார், கார்த்திகையைக் கேட்பவரும் இருப்பார். பட்டியலுக்கு அவர்களுக்குள் சண்டைகூட வரலாம், வரட்டும். ஐந்து நாளைப் பங்குபோட்டுக்கொள்ள நடக்கும் அந்தச் சண்டையில் களத்துச் சுதந்திரத்தின் பழைய பொருள் கொஞ்சம் திரும்பி வரும்.