கபிண்டாவின் எண்ணெய்: ‘பதிலிப் போர்’ என்னும் சொல்லின் போதாமை

1985 மே மாதம் அங்கோலாவின் கபிண்டாவில் தென்னாப்பிரிக்கக் கமாண்டோக் குழுவொன்று பிடிபட்டது. இருவர் மாண்டனர், கேப்டன் உயிரோடு சிக்கினார். தன்னை எதிர்த்த ஏஎன்சி, ஸ்வாப்போ விடுதலை இயக்கங்களை வேவு பார்க்கவே அனுப்பினோம் என்றது பிரிட்டோரியா அரசு. கேப்டனோ, மலோங்கோ எண்ணெய்க் கிடங்கைத் தகர்க்க வந்ததாக லுவாண்டாவில் செய்தியாளர்கள் முன் சொல்லிவிட்டார். அந்தக் கிடங்கை நடத்தியது அமெரிக்க நிறுவனம். கபிண்டாவுக்குக் காவல் நின்றவை கியூபப் படைகள். அந்த எண்ணெயில் வந்த வருவாயில்தான் அங்கோலாவை ஆண்ட எம்பிஎல்ஏ அரசு, உள்நாட்டுப் போருக்கான சோவியத் ஆயுதங்களுக்கும் கியூப உதவிக்கும் செலவழித்தது. ‘பதிலிப் போர்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்தக் காட்சியில் யார் யாருக்குப் பதிலி என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஆட்டுவிப்பவர் வல்லரசு, ஆடுபவர் உள்ளூர்க்காரர் என்ற எடுகோள் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 1975 நவம்பரில் கியூபா துருப்புகளை அனுப்பியபோது மாஸ்கோவின் ஒப்புதலைக் கேட்கவில்லை என்பதைக் கியூப ஆவணங்களைக் கொண்டு வரலாற்றாளர் பியெரோ கிளெய்ஹெசெஸ் நிறுவியிருக்கிறார். மறுபக்கம், எம்பிஎல்ஏ அரசை எதிர்த்துப் போரிட்ட யுனிட்டா இயக்கத்தின் தலைவர் ஜோனாஸ் சவிம்பி. முதலில் சீனாவிடம் பயிற்சி. பிறகு தென்னாப்பிரிக்காவின் படைத்துணை. அங்கோலாவில் போரிடுவோருக்கு அமெரிக்க உதவியைத் தடுத்த கிளார்க் சட்டத்திருத்தம் 1985இல் நீக்கப்பட்ட பின் அமெரிக்காவின் ஸ்டிங்கர் ஏவுகணைகள். கொடுத்தவர்கள் மாறினார்கள், வாங்கியவரின் குறி மாறவில்லை. இவரைக் கைப்பாவை என்பது இவருக்குப் பொருந்தாத சலுகை.

புரவலர்கள் இல்லாமல் போர் இவ்வளவு பெருத்திருக்காது என்ற மறுப்பு நியாயமானது. அதை நான் ஏற்கிறேன். தென்கிழக்கு அங்கோலாவின் குயிட்டோ குவானவாலேயில் 1987-88இல் டாங்கிகளும் பீரங்கிகளும் மோதியது உள்ளூர்ப் பணத்தால் மட்டும் நடக்கக்கூடியதல்ல. அங்கே வென்றது யார் என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஆனால் விளைவு தெளிவு: 1988 டிசம்பரில் கியூப, தென்னாப்பிரிக்கப் படைகள் விலக வழிசெய்த நியூயார்க் உடன்பாடு, 1990 மார்ச்சில் தென்னாப்பிரிக்க ஆட்சியிலிருந்து நமீபியாவின் விடுதலை. அண்டை நாட்டுக்குக் கிடைத்த அமைதி அங்கோலாவுக்குக் கிடைக்கவில்லை.

1991 மே மாதம் கடைசிக் கியூப வீரர்களும் கிளம்பிப்போனார்கள். ஆண்டு முடிவதற்குள் சோவியத் ஒன்றியமே இல்லை. பதிலிப் போர் என்பது சரியான விளக்கமாக இருந்தால் சண்டை அத்தோடு தணிந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. 1992 செப்டம்பர் தேர்தல் முடிவைச் சவிம்பி ஏற்க மறுத்தார். போர் முன்னிலும் கொடுமையாக மூண்டது. லுண்டா மாகாணங்களிலும் குவாங்கோ ஆற்றுப்படுகையிலும் அள்ளிய வைரம் யுனிட்டாவுக்குச் சோறு போட்டது. அரசுக்குக் கடலடி எண்ணெய். 2002 பிப்ரவரியில் சவிம்பி சுட்டுக்கொல்லப்பட்ட பிறகே துப்பாக்கிகள் அடங்கின.

புரவலர்களின் பொறுப்பை ஏவியதில் மட்டும் தேடுவது போதாது. தாங்கள் போன பின்னும் தானே சம்பாதித்துத் தானே ஓடக்கூடிய ஒரு போர் எந்திரத்தைக் கட்டிக்கொடுத்ததில்தான் அப்பொறுப்பு கனமாக இருக்கிறது.

ஒரு பக்கத்தை மட்டும் சுட்டும் இத்தகைய எடுகோள் உலகச் சட்டமொழிக்குள்ளும் நுழைந்துவிட்டது. வைர வணிகத்துக்காக 2003இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி ஏற்பாட்டின்படி, முறையான அரசுகளுக்கு எதிராகக் கிளர்ச்சி இயக்கங்களும் அவற்றின் கூட்டாளிகளும் போருக்குப் பணம் திரட்டப் பயன்படுத்தும் பட்டைதீட்டாத வைரம் மட்டுமே ‘மோதல் வைரம்’. சவிம்பியின் கல்லுக்கு அதனால் ஒரு பெயர் கிடைத்தது. அதே போரில் எதிர்த்தரப்பு ஆயுதம் வாங்கிய கபிண்டா எண்ணெய்க்கு அப்படியொரு பெயரை எவரும் சூட்டவில்லை.