காலணா வரியும் மெட்ராஸ் டிராமும்

பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. எங்க ஊர்க்காரர் ஒருத்தர் ரயில் ஏறணும்னா பஸ் பிடிச்சு அரியலூர் போகணும், இல்லேன்னா திருச்சி போகணும். அரியலூரில் இருந்து பெரம்பலூர், துறையூர் வழியா நாமக்கல்லுக்கு ஒரு பாதை வேணும்ங்கிறது நான் பள்ளிக்கூடம் படிச்ச காலத்துல இருந்து காதில் விழுகிற கோரிக்கை. தேர்தல் வந்தா பேச்சு வரும், அப்புறம் அடங்கிடும். ஏன் வரலைன்னு டீக்கடையில் கேட்டா ஒரே பதில்தான்: "லாபம் வராதுங்க."

யாருக்கு லாபம் வராது? தண்டவாளம் போடுறவருக்கா, அதில் வண்டி ஓட்டுறவருக்கா, பாதை ஓரத்தில் நிலம் வச்சிருக்கிறவருக்கா? இந்தக் கேள்வியோட ஒரு பழைய கதையைப் படிச்சேன். மெட்ராஸ் டிராம் கதை. டிராம் பற்றி எழுதுறவங்க பெரும்பாலும் மணிச் சத்தத்தையும் மவுண்ட் ரோட்டையும் நினைச்சு ஏங்கி முடிச்சுடுவாங்க. எனக்கு அதில் பிடிச்ச விஷயம் கணக்கு.

லண்டனுக்கு முந்தின மெட்ராஸ்

1895 மே 7ஆம் தேதி மெட்ராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் அதுதான் முதல். லண்டன் தெருக்களில் மின் டிராம் பொதுமக்களுக்கு ஓடியது 1901ல்தான். கல்கத்தா அப்போ குதிரை இழுத்த டிராமில் போய்க்கிட்டிருந்தது. அங்கே மின்சாரம் வந்தது 1902ல். பம்பாய்க்கு 1907ல், அதுவும் மே 7ஆம் தேதியே.

முதலில் மெட்ராஸில் தலைக்கு மேலே கம்பி இல்லை. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பள்ளம் வெட்டி, அதுக்குள்ளே மின்கடத்தியைப் பதிச்சிருந்தாங்க. பார்க்க அழகான ஏற்பாடு. ஆனா ஐப்பசி கார்த்திகையில் மெட்ராஸ் தெரு எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும். பள்ளத்தில் தண்ணி நின்றது. சில வருஷத்திலேயே அதை விட்டுட்டு மேலே கம்பி கட்ட வேண்டியதாச்சு. அதாவது, வருமானம் நிலைக்கும் முன்னாடியே முதலீட்டில் ஒரு பகுதி மழையோடு போச்சு.

முதல் கம்பெனியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. டிராம் எலெக்ட்ரிக் கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனி கைக்குப் போய், பிறகு புதுசா உருவான இன்னொரு கம்பெனிக்கு வந்தது. அந்தக் கடைசிக் கம்பெனியின் பெயர் மெட்ராஸ் எலெக்ட்ரிக் டிராம்வேஸ் (1904) லிமிடெட். பெயரிலேயே வருஷம் இருக்கு. நாங்க மென்பொருளில் வெர்ஷன் நம்பர் போடுற மாதிரி. முந்தினது சரியா வரலை, இது புதுசு என்று முதலீட்டாளருக்குச் சொல்ற பெயர்.

24 கிலோமீட்டரில் நின்ற வரைபடம்

1904க்குப் பிறகு நிலைமை தேறியது. 1921ல் உச்சம்: 24 கிலோமீட்டர் பாதை, 97 வண்டி. கடற்கரை, பாரிஸ் கார்னர், மவுண்ட் ரோடு, பூந்தமல்லி நெடுஞ்சாலை, மயிலாப்பூர் என்று அன்றைய நகரத்தின் முக்கியமான இடங்களைத் தொட்டது.

அந்த வருஷக் கணக்கெடுப்பில் மெட்ராஸின் மக்கள்தொகை 5,26,911. முப்பது வருஷம் கழித்து, 1951ல், 14,16,056. எல்லை விரிந்ததையும் சேர்த்துத்தான் என்றாலும், ஆள் கணக்கு இரண்டரை மடங்குக்கு மேலே. பாதை மட்டும் 1921ன் உச்சத்தைத் தாண்டவே இல்லை.

1920களில் மாம்பலத்துப் பக்கம் தி.நகர் மனை மனையாக எழுந்தது. அங்கே டிராம் போகவில்லை. 1931ல் சவுத் இந்தியன் ரயில்வே கடற்கரையில் இருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் விட்டது. நகரம் அந்தத் தண்டவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு தெற்கே நடந்தது. டிராம் பழைய ஊருக்குள்ளேயே சுற்றிக்கிட்டிருந்தது.

ஏன் நீட்டலை? வெள்ளைக்காரன் கம்பெனிக்கு நம்ம ஊர் மேல் அக்கறை இல்லைன்னு சொல்லிட்டுப் போகலாம். அது பாதிதான். மீதி, சட்டத்திலும் கணக்கிலும் இருக்கு.

நீட்டாமல் இருப்பதே லாபம்

பிரிட்டனில் 1870ல் ஒரு டிராம்வே சட்டம் வந்தது. தெரு நகராட்சியுடையது, டிராம் தனியார் கம்பெனியுடையது. 21 வருஷம் கழித்து நகராட்சி விரும்பினால் கம்பெனியை வாங்கிக்கலாம். அப்போ வேண்டாம்னா, ஏழு ஏழு வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி வாய்ப்பு. விலை எப்படி? இரும்பும் மரமும் அன்றைக்கு என்ன பெறுமோ அது. போட்ட காசு, வரப்போகும் லாபம் எதுவும் சேராது. 1886ஆம் வருஷத்து இந்திய டிராம்வே சட்டமும் இதே அச்சில் வார்த்ததுதான்.

இப்போ நீங்க அந்தக் கம்பெனியின் இயக்குநர் என்று வச்சுக்கோங்க. புதுசா ஐந்து கிலோமீட்டர் பாதை போட்டால் காசு திரும்ப வர பதினைந்து, இருபது வருஷம் ஆகும். ஆனா எட்டு வருஷத்தில் நகராட்சி வந்து பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கலாம். போடுவீங்களா? நான் போட மாட்டேன். இருக்கிற வண்டியை ஒட்டுப்போட்டு ஓட்டி, வர்ற வருமானத்தைப் பிரிச்சுக் கொடுத்துடுவேன். இதில் கெட்ட எண்ணம் ஒண்ணும் வேண்டாம். விதியே அப்படி நடக்கச் சொல்லுது.

இன்னொரு விதியும் உண்டு. தண்டவாளங்களுக்கு இடையிலும், வெளிப்பக்கம் இருபுறமும் ஒன்றரை அடி வரையிலும் தெருவை டிராம் கம்பெனிதான் செப்பனிட்டுத் தரணும். குதிரை வண்டிக் காலத்தில் இது நியாயம். மோட்டார் பஸ் வந்த பிறகு? டிராம் காசில் செப்பனிட்ட அதே தெருவில், டிராமுக்கு முன்னாடி போய் ஆளை ஏற்றிக்கிட்டது பஸ். பஸ்காரருக்குத் தண்டவாளச் செலவு இல்லை, கம்பிச் செலவு இல்லை. கூட்டம் எந்தத் தெருவில் இருக்கோ அங்கே திரும்பிக்கலாம். தி.நகருக்கு அவர் போனார்.

யாரும் வாங்காத டிராம்

1947-48ல் சென்னை மாகாண அரசே நகரப் பஸ்களை எடுத்து நடத்தத் தொடங்கியது. அதாவது டிராமுக்கு எதிரே இப்போ தனியார் பஸ் இல்லை, அரசாங்க பஸ். டிராம் கம்பெனி நஷ்டம் என்றது. அரசும் வாங்கவில்லை, மாநகராட்சியும் வாங்கவில்லை. 1953 ஏப்ரல் 12ஆம் தேதியோடு ஓட்டம் நின்றது. ராஜாஜி முதல்வராக இருந்த காலம். ஓட்டுநர், கண்டக்டர், பட்டறைத் தொழிலாளி எல்லாருக்கும் ஒரே நாளில் வேலை போச்சு. 58 வருஷம் ஓடின தடம் தாருக்கு அடியில் போச்சு.

மற்ற ஊர்களில் என்ன நடந்தது? பம்பாயில் மின்விநியோகமும் டிராமும் ஆரம்பத்தில் இருந்தே ஒரே கம்பெனியிடம், பெஸ்ட். 1947 ஆகஸ்ட் 7ல் அதை மாநகராட்சி வாங்கியது. கரண்ட் பில்லில் வந்த லாபம் பல காலம் போக்குவரத்து நஷ்டத்தைத் தாங்கியது. மெட்ராஸில் மின்விநியோகம் வேறொரு கம்பெனியிடம் இருந்தது. 1947ல் அரசு அதை எடுத்தபோது டிராம் தனியா நின்றது. பம்பாயிலும் டிராம் 1964ல் போயிடுச்சு என்பதையும் சொல்லணும். ஆனா பெஸ்ட் என்கிற நிறுவனம் நின்றது, அதே தெருக்களில் பஸ் விட்டது.

கல்கத்தாவில் லண்டன் கம்பெனியே தொடர்ந்தது. மெட்ராஸ் டிராம் நின்ற அதே 1953ல், ஜூலையில், இரண்டாம் வகுப்புக் கட்டணத்தைக் காலணா ஏற்றினார்கள். ஒரே ஒரு காலணா. ஊரே தெருவில் இறங்கியது, கட்டண உயர்வு நின்றது. பிறகு 1967ல் நிர்வாகத்தை அரசு எடுத்தது, 1976ல் கம்பெனியையே எடுத்தது. டிக்கெட் காசில் இருந்து மட்டும் தண்டவாளத்தைக் காப்பாற்ற முடியாது, மக்கள் அதைத் தரவும் மாட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம்

அப்போ வேறு யார் தருவது? இதற்கு ஒரு பதில் அரியலூருக்குப் பக்கத்திலேயே இருக்கு, கொள்ளிடம் ஆற்றைத் தாண்டினா போதும். தஞ்சாவூர் மாவட்ட போர்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நிலத்தின் மேல் ரயிலுக்கென்றே ஒரு தனி வரி போட்டது. ரூபாய்க்கு மூன்று பை, அதாவது பழைய கணக்கில் காலணா. கல்கத்தாவில் கலவரம் மூட்டிய அதே காலணா. சேர்ந்த பணத்தை வைத்து மாயவரத்தில் இருந்து முத்துப்பேட்டை வரை பாதை போட்டார்கள். 1894ல் ரயில் ஓடியது. வண்டி ஓட்டியது சவுத் இந்தியன் ரயில்வே, பாதை மட்டும் போர்டுக்குச் சொந்தம். 1903க்குள் அது பட்டுக்கோட்டை தாண்டி அறந்தாங்கி வரை நீண்டது.

நீண்டது என்பதுதான் விஷயம். மெட்ராஸ் 24 கிலோமீட்டரில் நின்றபோது இது ஏன் வளர்ந்தது? பாதை வந்தால் நெல்லுக்கு விலை கூடும், நிலத்துக்கு மதிப்பு கூடும். அந்த நிலத்தில் இருந்துதான் வரி. பலன் போய்ச் சேரும் இடத்தில் இருந்தே காசும் வந்தது. பாதை போர்டுக்கே சொந்தம் என்பதால், 21 வருஷக் கெடு என்கிற கத்தி தலைக்கு மேலே தொங்கவில்லை.

இதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு வரி கட்டின பலருக்குப் போர்டில் யார் உட்காருவது என்று சொல்லும் உரிமைகூட இல்லை. நிலவரியே கழுத்தை நெரித்த காலத்தில் காலணாவும் கனம்தான். ஆனா கணக்கு மட்டும் நேர்மையானது.

இன்றைய சென்னைக்கு வருவோம். மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2024 அக்டோபரில். இடையில் ஏறக்குறைய நாலு வருஷம், யார் எவ்வளவு போடுவது என்கிற இழுபறி. வெளிநாட்டுக் கடன், மாநிலம், ஒன்றியம் எல்லாரும் கணக்கில் இருக்காங்க. நிலையம் வரப்போகுதுன்னு தெரிஞ்ச அன்றைக்கே பக்கத்து மனைக்கு விலை ஏற்றினவர்தான் கணக்கில் பெரிசாத் தட்டுப்படலை. அந்த மாதிரித் தெருவில் வாடகை கொடுத்தவன் என்கிற முறையில் சொல்றேன்.

எங்க ஊர் டீக்கடைக்குத் திரும்பினால், "லாபம் வராது" என்கிற பதில் டிக்கெட் கணக்கில் உண்மையாகவே இருக்கலாம். டிக்கெட்டை மட்டும் எண்ணினால் மெட்ராஸ் டிராமுக்கும் அதே பதில்தான் வந்தது. அரியலூர் சாலையில் மனை விற்கிறவர், சிமென்ட் ஏற்றுகிற ஆலை, திருச்சி போய் ரயிலேறத் தினமும் பஸ்சுக்குக் கொடுக்கிற குடும்பம் இவங்க எல்லாருடைய கணக்கையும் கூட்டிப் பார்த்தால் தொகை எவ்வளவு வரும்? தஞ்சாவூர்க்காரங்க 130 வருஷத்துக்கு முன்னாடி கூட்டிப் பார்த்தாங்க. நாமும் ஒரு தடவை கூட்டிப் பார்த்துட்டு, அப்புறம் வராதுன்னு சொல்லலாம்.