முறைக்கிறதுக்கும் கஞ்சிக்கும் என்ன சொந்தம்? ‘ஸ்டேர்’ என்ற சொல்லின் கதை

போன வாரம் ஆபீஸ்ல ஒரு பில்டு முடியட்டும்னு ஸ்கிரீனையே வெறிச்சுப் பார்த்துட்டு இருந்தேன். பக்கத்து சீட் நண்பன், “ஏன்டா அதை இப்படி ஸ்டேர் பண்ற, அது உன்னை என்ன பண்ணுச்சு?”ன்னு கேட்டான். அன்னைக்கு ராத்திரி அந்தச் சொல்லைத் தோண்ட ஆரம்பிச்சதுதான் இந்த எபிசோட். முன்னாடியே சொல்லிடுறேன், இது மாடிப்படிக்குச் சொல்ற ஸ்டேர் இல்ல. உச்சரிப்புதான் ஒன்னு. அது ‘ஏறுதல்’ங்கிற பொருள்ல இருந்து வந்த வேற குடும்பம்.

நம்ம ஸ்டேர், பழைய ஆங்கிலத்துல ‘ஸ்டாரியன்’. அதோட அடிப்படைப் பொருள் விறைப்பா இருக்கிறது. ஜெர்மன்ல இன்னைக்கும் ‘ஷ்டார்’னா விறைப்பு, ‘ஷ்டாரன்’னா உத்துப் பார்க்கிறது. வேருக்குப் போனா கண்ணே கிடையாது பாருங்க, அசையாம நிக்கிறது மட்டும்தான் இருக்கு.

இதோட சொந்தக்காரங்க லிஸ்ட்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சட்டைக்குப் போடுற கஞ்சி இருக்கே, ஸ்டார்ச், அது இந்தக் குடும்பம். துணியை விறைக்க வைக்கிறதால அந்தப் பேர். பட்டினி கிடக்கிறதைச் சொல்ற ‘ஸ்டார்வ்’வும் அப்படித்தான். முதல்ல அதுக்கு வெறுமனே ‘சாகிறது’ன்னுதான் பொருள், உடம்பு விறைச்சுப் போறது. பசிங்கிற அர்த்தம் பிற்பாடு வந்தது. கிரேக்கத்துல ‘ஸ்டெரியோஸ்’னா திடமானது. ஸ்டீரியோ, கொலஸ்ட்ரால் ரெண்டும் அங்கிருந்து வந்தவை. தமிழ்ல விறைக்கிறது, வெறிக்கிறதுன்னு ரெண்டு சொல் பக்கத்துப் பக்கத்துல ஒலிக்குது. அதுக்காக ரெண்டும் ஒரே வேர்னு கிளம்பிடாதீங்க, ஒலி ஒத்துப் போறது ஆதாரம் ஆகாது.

ஷேக்ஸ்பியர் காலத்துலகூட அந்தப் பழைய பொருள் உயிரோட இருந்திருக்கு. ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்துல சீசரோட ஆவியைப் பார்த்த புரூட்டஸ், தன் தலைமுடி ‘ஸ்டேர்’ ஆகுதுன்னு சொல்றான். முடி எங்கே பார்க்கும்? குத்திட்டு நிக்குதுன்னு அர்த்தம். நோயில விழுந்த மாடு, குதிரையோட ரோமம் சிலிர்த்து நின்னா, ஆங்கிலத்துல கால்நடை மருத்துவர்கள் இன்னைக்கும் ‘ஸ்டேரிங் கோட்’னு எழுதுறாங்க.

சரி, அப்போ இந்தச் சொல்லுக்கு ‘மரியாதை இல்லாம பார்க்கிறது’ங்கிற வாடை எப்ப வந்துச்சு? இதுக்கு ‘பெயோவுல்ஃப்’ காவியத்தைத் திறந்து பார்க்கலாம். அதோட கையெழுத்துப் பிரதி கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் பழசு. 1731ல நடந்த தீ விபத்துல ஓரம் கருகித் தப்பிச்சு, இப்ப பிரிட்டிஷ் நூலகத்துல இருக்கு. அதுல ஒரு ராணி வர்றா. பகல்ல அவளை நேருக்கு நேர் பார்க்க அவ புருஷனைத் தவிர ஒருத்தனுக்கும் துணிச்சல் கிடையாது. பார்த்தவனைக் கட்டி இழுத்துட்டுப் போய் வாளால வெட்டிடுவாங்க. அங்க வர்ற வினைச்சொல் இதேதான். கவிஞரே இதெல்லாம் ராணிக்கு அழகா, கற்பனையா ஒரு அவமானத்தை நினைச்சு உயிரை எடுக்கலாமான்னு கோபப்படுறார்.

ஆனா அதே காவியத்துல, மாளிகைச் சுவர்ல தொங்குற தங்க இழைத் திரைகளை ஜனங்க அதிசயமாப் பார்க்கிறதுக்கும் இதே சொல்தான். அங்க எந்தத் தப்பும் இல்ல. யாரைப் பார்க்கிறோம், அவங்க கையில என்ன அதிகாரம் இருக்குங்கிறதை வெச்சுத்தான் பார்வை குத்தமாகுது. சொல் என்னவோ விறைப்பா நிக்கிற கண்ணை மட்டும்தான் சொல்லுது.

எனக்கு மனசுல நின்னது மூணாவது இடம். பெயோவுல்ஃப் ஏரிக்குள்ள குதிச்சு, கிரெண்டலோட அம்மாவோட சண்டை போடப் போயிட்டான். தண்ணியில ரத்தம் கலங்கி மேல வருது. டேன் மன்னரும் அவர் ஆட்களும், அவன் செத்துட்டான்னு முடிவு பண்ணி மதியத்துக்கு மேல வீட்டுக்குக் கிளம்பிடுறாங்க. அவன்கூட வந்தவங்க மட்டும் போகல. நம்பிக்கை எதுவும் மிச்சமில்லாம, கரையில உக்காந்து அந்தத் தண்ணியையே ‘ஸ்டாரியன்’ பண்ணிட்டு இருக்காங்க.

கொஞ்ச நேரத்துல அவன் நீந்தி மேல வர்றான்.