1983 ஓகஸ்ட் 4: ஒரே நாளில் நிறைவேறிய ஆறாவது திருத்தம்

இலங்கைப் பாராளுமன்றத்தில் தமிழ் மக்களின் வாழ்வைத் திசைதிருப்பிய நாட்கள் எவை என்று கேட்டால், தனிச் சிங்களச் சட்டம் விவாதிக்கப்பட்ட 1956 ஜூன் மாதத்து நாட்களையே பலரும் முதலில் நினைவுகூருவர். அரசியலமைப்புக்கான ஆறாவது திருத்தம் நிறைவேற்றப்பட்ட 1983ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4ஆம் திகதி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அதற்கு முந்திய வாரத்தின் பெருந்துயரம் அந்நாளை மறைத்துவிட்டது எனலாம். எனினும், அன்று ஆக்கப்பட்ட சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. வடக்கிலிருந்து பாராளுமன்றம் செல்லும் ஒவ்வோர் உறுப்பினரும் தம் பதவியை ஏற்கும்போது எடுக்கும் உறுதிமொழியின் வாசகம் அத்திருத்தத்திலேயே எழுதப்பட்டது. ஆகவே, அச்சட்டம் எவ்வாறு ஆக்கப்பட்டது, அதனால் விளைந்தது யாது என்பவற்றை அறிந்திருத்தல் நமக்கு அவசியமாகும்.

ஆணை முடிந்த நாள்

1977 ஜூலை 21இல் நடைபெற்ற பொதுத்தேர்தலில் மொத்தம் 168 ஆசனங்களுள் 140 ஆசனங்களை ஐக்கிய தேசியக் கட்சி கைப்பற்றியது. 18 ஆசனங்களைப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி பிரதான எதிர்க்கட்சியாயிற்று. காங்கேசன்துறை உறுப்பினர் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். வட மாகாணத்தின் 14 தொகுதிகளும் கூட்டணிக்கே கிடைத்தன. ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, மானிப்பாய், கோப்பாய், உடுப்பிட்டி, பருத்தித்துறை, சாவகச்சேரி, நல்லூர், யாழ்ப்பாணம் எனக் குடாநாட்டிலும் தீவகத்திலும் அமைந்த பத்துத் தொகுதிகளும் அவற்றுள் அடங்கும். 1976 மே 14இல் நிறைவேற்றப்பட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை முன்வைத்தே அக்கட்சி மக்களிடம் வாக்குக் கேட்டிருந்தது. தனியரசுக் கோரிக்கையை அது மறைத்து வைக்கவில்லை. வாக்குப் பெட்டியின் வழியாகவும் அவையின் வழியாகவுமே அதனை முன்னெடுத்தது.

அந்தப் பாராளுமன்றத்தின் ஆறாண்டுக் காலம் 1983 ஓகஸ்ட் 4ஆம் திகதியுடன் முடிவடைய வேண்டியிருந்தது. புதிய தேர்தலை நடத்துவதற்குப் பதிலாக, 1982 டிசெம்பர் 22இல் சர்வஜன வாக்கெடுப்பொன்றின் மூலம் அதன் ஆயுள் 1989 ஓகஸ்ட் 4 வரை நீடிக்கப்பட்டது. நாடு முழுவதிலும் 54 வீதத்துக்குச் சற்று அதிகமானோர் அந்நீடிப்பை ஆதரித்தனர். யாழ்ப்பாண மாவட்டத்திலோ வாக்களித்தோருள் 90 வீதத்துக்கும் மேற்பட்டோர் அதனை நிராகரித்தனர். இன்னொரு செய்தியும் கவனத்திற்குரியது. 1982இன் பிற்பகுதியில் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன தமது கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்களிடமிருந்து திகதியிடப்படாத பதவி விலகற் கடிதங்களைப் பெற்று வைத்திருந்தார். மூன்றில் இரண்டு பெரும்பான்மை எவ்வளவு உறுதியாக ஒருவர் கையில் இருந்தது என்பதை இது காட்டும்.

மக்கள் 1977இல் வழங்கிய ஆணை எந்த நாளில் முடிவடைந்ததோ, அதே நாளில்தான் ஆறாவது திருத்தம் அவைக்கு வந்தது.

ஏழு நாட்களில் ஒரு திருத்தம்

1983 ஜூலை 23இரவு திருநெல்வேலியில் நிகழ்ந்த தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து கொழும்பிலும் ஏனைய இடங்களிலும் தமிழருக்கு எதிரான வன்செயல்கள் வெடித்தன. ஜூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். ஜூலை 28இல் ஜனாதிபதி நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். பிரிவினையை நோக்கமாகக் கொண்ட கட்சிகளைச் சேர்ந்தோர் சட்டசபையில் அமர முடியாதவாறும் அவர்களின் குடியியல் உரிமைகள் பறிக்கப்படுமாறும் சட்டம் கொண்டுவர அமைச்சரவை தீர்மானித்துள்ளதாக அவர் அவ்வுரையில் அறிவித்தார். உயிரையும் உடைமையையும் இழந்தோர் அகதி முகாம்களில் இருந்தனர். அவர்களைப் பாதிப்புக்குள்ளாக்கியோர் மீதான நடவடிக்கையை விட, பாதிக்கப்பட்டோரின் பிரதிநிதிகள் மீதான சட்டம் முந்திக்கொண்டது.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு முதலில் வகுத்த சாதாரண நடைமுறை யாது? சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெறுவதற்குக் குறைந்தது ஏழு நாட்களுக்கு முன்னர் வர்த்தமானியில் வெளியாக வேண்டும். ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்றபின் ஒரு வார காலத்துள் எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அதன் பின்னரே இரண்டாம் வாசிப்பு, குழுநிலை, மூன்றாம் வாசிப்பு, சபாநாயகரின் சான்றுரை என்னும் படிகள் வரும். அரசாங்கம் அவசரம் எனக் கருதும் சட்டமூலங்களுக்கென 122ஆவது உறுப்புரை ஒரு குறுக்கு வழியையும் திறந்து வைத்திருந்தது. அவ்வழியில் உயர் நீதிமன்றம் 24 மணித்தியாலங்களுள், அல்லது ஜனாதிபதி குறிப்பிடும் மூன்று நாட்களுக்கு மேற்படாத காலத்துள், தன் முடிவைத் தெரிவிக்க வேண்டும்.

சாதாரண வழிக்குக் குறைந்தது இரண்டு வாரங்களேனும் தேவை. ஜூலை 28இல் அறிவிக்கப்பட்ட யோசனை ஓகஸ்ட் 4இல் அரசியலமைப்புத் திருத்தமாக நிறைவேறியது. மக்கள் வாசித்தறியவோ, ஆட்சேபிக்கவோ அவகாசம் இருக்கவில்லை என்பது நாட்களை எண்ணினாலே விளங்கும். ஓகஸ்ட் 8இல் சபாநாயகரின் சான்றுரையும் கிடைத்தது. சான்றுரைக்குப் பின் ஒரு சட்டத்தின் செல்லுபடித் தன்மையை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது என்பது 80ஆவது உறுப்புரையின் விதியாகும். எனவே, ஒரு சட்டமூலத்தை எதிர்ப்பதற்குரிய காலம் அது சட்டமாவதற்கு முன்னுள்ள சில நாட்கள் மட்டுமே. அந்நாட்களைச் சுருக்குவது குடிமக்களின் வாயை அடைப்பதற்கு ஒப்பாகும்.

திருத்தம் கூறுவது யாது?

ஆறாவது திருத்தம் 157அ என்னும் உறுப்புரையை அரசியலமைப்பிற் சேர்த்தது. இலங்கையின் ஆள்புலத்துள் தனியரசொன்றை நிறுவுவதை எவரும் நேரடியாகவோ மறைமுகமாகவோ, நாட்டினுள்ளேயோ வெளியேயோ ஆதரித்தலும், ஊக்குவித்தலும், அதற்கு நிதியளித்தலும் குற்றமாயின. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்படுபவர் ஏழு ஆண்டுகள் வரை குடியியல் உரிமைகளை இழப்பார். தமக்கும் தம் குடும்பத்துக்கும் பிழைப்புக்கு வேண்டியவை தவிர்ந்த அசையும், அசையா ஆதனங்களையும் இழப்பார். கடவுச்சீட்டுப் பெறும் உரிமை, பொதுப் பரீட்சைக்குத் தோற்றும் உரிமை, உரிமம் தேவைப்படும் தொழிலைச் செய்யும் உரிமை என்பனவும் இங்கு குடியியல் உரிமைகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. தனியரசைத் தன் நோக்கங்களில் ஒன்றாகக் கொண்ட கட்சியை உயர் நீதிமன்றத்தின் பிரகடனத்தின் மூலம் தடைசெய்யவும் வழி வகுக்கப்பட்டது.

இவற்றுடன் ஏழாவது அட்டவணையில் புதிய உறுதிமொழி ஒன்றும் சேர்க்கப்பட்டது. பாராளுமன்ற உறுப்பினர்கள், நீதிபதிகள், அரச சேவையாளர்கள் முதலியோர் ஒரு மாத காலத்துள் அதனை எடுக்க வேண்டும் என விதிக்கப்பட்டது.

அவசரத்தில் எழுதப்பட்ட விதிகள் எழுதியோரையே சிக்கலில் ஆழ்த்தும் என்பதற்கு அடுத்த மாதமே சான்று கிடைத்தது. உயர் நீதிமன்ற, மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசர்கள் உரியவர் முன்னிலையில் உறுதிமொழி எடுக்கவில்லை என்ற வாதம் எழுந்தது. 1983 செப்டெம்பரில் அவர்களின் அறைகள் பூட்டப்பட்டன. பின்னர் ஜனாதிபதி அவர்களுக்கு மீண்டும் நியமனம் வழங்க நேர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த 'சற்றடே றிவியூ' என்ற ஆங்கில வார இதழ் மீதான தடையை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கிலேயே, நீதியரசர்கள் பதவியில் உள்ளார்களா என்ற கேள்வியை உயர் நீதிமன்றம் ஆராய வேண்டியதாயிற்று.

வெறுமையான ஆசனங்கள்

கூட்டணி உறுப்பினர்கள் ஓகஸ்ட் 4ஆம் திகதி அவையில் இருக்கவில்லை. உறுதிமொழியையும் அவர்கள் எடுக்கவில்லை. மூன்று மாதங்கள் தொடர்ந்து அமர்வுகளுக்குச் சமுகமளிக்காத உறுப்பினர் ஆசனத்தை இழப்பார் என்ற விதியின்படி, 1983 ஒக்டோபரில் அவர்களின் ஆசனங்கள் வெறிதாகின. நாட்டின் பிரதான எதிர்க்கட்சி இவ்வாறு அவையை விட்டு அகன்றது.

1956ஆம் ஆண்டுடன் இதனை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தனிச் சிங்களச் சட்டமூலம் விவாதிக்கப்பட்டபோது தமிழ் உறுப்பினர்கள் அவையில் இருந்தனர். இடதுசாரி உறுப்பினர்களுடன் சேர்ந்து அதனை எதிர்த்துப் பேசினர், எதிர்த்து வாக்களித்தனர். தோற்றார்களாயினும் அவர்களின் எச்சரிக்கை ஹன்சாட் ஏட்டில் நிலைத்து நிற்கின்றது. 1983இல் அதற்கும் இடமில்லாமற் போயிற்று.

இதன் விளைவு 1987இல் முழுமையாகத் தெரிந்தது. இலங்கை - இந்திய ஒப்பந்தத்தின் பின், மாகாண சபைகளை உருவாக்கும் 13ஆவது திருத்தம் அவ்வாண்டு நவம்பர் 14இல் சான்றுப்படுத்தப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களுள் ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமும் நின்ற அளவுக்கு அது சர்ச்சைக்குரியதாக இருந்தது. காணியும் பொலிஸும் யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்விகள் அதனுள் இருந்தன. தமிழரின் பிரச்சினைக்குத் தீர்வாக முன்வைக்கப்பட்ட அச்சட்டம் பாராளுமன்றத்தில் வாசிக்கு வாசி ஆராயப்பட்டபோது, வட மாகாண மக்கள் 1977இல் தெரிவு செய்தவர்களுள் ஒருவரும் அங்கே இருக்கவில்லை. இன்று வரை நாம் குறைகூறிவரும் ஓட்டைகளை அன்று சுட்டிக்காட்டித் திருத்தம் கோருவதற்கு ஆளில்லை. தேர்தல் அரசியலில் நம்பிக்கை வைத்தவர்களை வெளியேற்றிய சட்டம், ஆயுதம் ஏந்தியவர்களை எவ்வகையிலும் தடுக்கவில்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

பிற நாடுகளில் நிகழ்ந்தது

தன் ஆள்புல ஒருமைப்பாட்டைக் காக்கச் சட்டமியற்றுவது எந்த அரசுக்கும் உள்ள உரிமை என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தை நாம் தட்டிக்கழிக்கவில்லை. அயல்நாடான இந்தியாவும் அரசியலமைப்பின் 16ஆவது திருத்தத்தின் மூலம், வேட்பாளர்களும் உறுப்பினர்களும் நாட்டின் இறைமையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என விதித்தது. திராவிட நாடு கோரிய திராவிட முன்னேற்றக் கழகத்தை அது நேரடியாகத் தொட்டது. ஆனால், அந்தச் சட்டமூலம் 1963 ஜனவரியில் முன்வைக்கப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபர் 5ஆம் திகதியே நடைமுறைக்கு வந்தது. மாநிலங்களவையில் சி. என். அண்ணாதுரை எழுந்து அதனை எதிர்த்துப் பேசினார். அவர் பேச்சை அவை கேட்டது. கழகம் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டு மாநில உரிமைகளின் பக்கம் திரும்பியது. 1967இல் தமிழகத்தில் ஆட்சியையும் அமைத்தது.

கனடாவோ அத்தகைய தடை எதனையும் விதிக்கவில்லை. கியூபெக் மாகாணத்தின் தனியரசைக் கோரிய கட்சி 1993ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் உத்தியோகபூர்வ எதிர்க்கட்சியாக அமர்ந்தது. 1995 ஒக்டோபர் 30இல் நடந்த வாக்கெடுப்பில் பிரிவினை ஒரு வீதத்துக்குச் சற்று அதிகமான வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. நாடு உடையவில்லை, குருதியும் சிந்தவில்லை. இவ்விரு நாடுகளும் சென்ற வழிகள் வேறு. ஆயினும், இரண்டிலும் சட்டத்தால் பாதிக்கப்படக்கூடியவர் அவையில் இருந்தார் என்பது பொதுவானது.

முப்பத்துநான்கு ஆண்டுகளின் பின்

ஆறாவது திருத்தம் தனியரசைத் தடைசெய்தது. சமஷ்டியைப் பற்றி எதுவும் கூறவில்லை. அதனால் சமஷ்டி கேட்பதும் பிரிவினையே என்ற பிரசாரம் தெற்கில் தொடர்ந்து நடைபெற்றது. 2014இல் இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு எதிராக 157அ உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுவொன்றும் தாக்கல் செய்யப்பட்டது. சமஷ்டி ஆட்சிமுறையைக் கோருவது தனியரசைக் கோருவதாகாது என நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வெளியான நாள் 2017 ஓகஸ்ட் 4. திருத்தம் நிறைவேறி அன்றுடன் சரியாக 34 ஆண்டுகள். ஆற அமர விவாதித்திருந்தால் 1983இலேயே தெளிவாகியிருக்கக் கூடிய ஒரு விடயத்துக்கு ஒரு தலைமுறைக் காலம் தேவைப்பட்டது.

அவசரச் சட்டமூலங்களுக்கான குறுக்கு வழி 2015இல் 19ஆவது திருத்தத்தினால் அடைக்கப்பட்டது. 2020இல் 20ஆவது திருத்தம் அதனை ஓரளவு மீண்டும் திறந்தது. ஆட்சி மாறுந்தோறும் இவ்விதிகளும் மாறுவதை நாம் கண்டு வருகின்றோம். எனவே, விதிகளை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது.

நமக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிமையானது. வர்த்தமானியில் ஒரு சட்டமூலம் வெளியாகும் நாளிலேயே அதனைத் தமிழில் வாசித்து, மக்களுக்கு விளக்க வேண்டிய பொறுப்பு நமது சட்டத்தரணிகளுக்கும், பல்கலைக்கழகத்தினருக்கும், பத்திரிகைகளுக்கும் உண்டு. நாம் தெரிவு செய்து அனுப்பியவர் அன்று அவையில் இருந்தாரா, என்ன பேசினார், எவ்வாறு வாக்களித்தார் எனக் கேட்கும் உரிமை ஒவ்வொரு வாக்காளருக்கும் உண்டு. 1983இல் நமது ஆசனங்களைச் சட்டம் வெறுமையாக்கியது. இன்று அவை நிரம்பியிருக்கும்போது, அங்கு அமர்ந்திருப்போர் அந்த இடத்தைப் பயன்படுத்துகிறார்களா என்று கண்காணிக்க வேண்டியவர்கள் நாமே.