அதிக வாக்கு யாருக்கு? விரிதாளில் எண்ணுக்குரிய பெயரைக் கண்டறியும் முறை

பெங்களூரு: தேர்தல் முடிவு அட்டவணையில் மிகப்பெரிய எண்ணைக் கண்டறிவது எளிது. அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்பதைப் பிழையின்றி எடுப்பதில்தான் சிக்கல் எழுகிறது.

ரிச்சர்ட்ஸ் டவுனை ஒட்டிய பிரேசர் டவுனின் அதிகாரபூர்வப் பெயரைத் தாங்கியது புலிகேசிநகர் சட்டப்பேரவைத் தொகுதி. 2018 தேர்தலில் இங்கு காங்கிரஸ் வேட்பாளர் அகண்ட ஸ்ரீனிவாச மூர்த்தி 97,574 வாக்குகளும், மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் பிரசன்ன குமார் 15,948 வாக்குகளும் பெற்றனர். இத்தகைய பட்டியலுக்குக் கண்ணே போதும். அதே நகரின் ஜெயநகரில் 2023-ல் மறு எண்ணிக்கைக்குப் பின் பாஜகவின் சி.கே. ராமமூர்த்தி 57,797 வாக்குகளும், காங்கிரஸின் சௌம்யா ரெட்டி 57,781 வாக்குகளும் பெற்றனர். வித்தியாசம் வெறும் 16. இந்நிலையில் ஒரு வரி மாறிப் படித்தாலும் தவறான பெயர் வெற்றியாளராகிவிடும்.

தொகுதியின் முழு விவரம் தேர்தல் நடத்தை விதிகளின்படியான படிவம் 20-ல் இடம்பெறும். அதில் ஒவ்வொரு வரிசையும் ஒரு வாக்குச்சாவடி. மேலே நெடுவரிசைத் தலைப்புகளாக வேட்பாளர்களின் பெயர்கள். தங்கள் தெருவின் சாவடியில் முதலிடம் பெற்றவர் யார் என்று அறிய விரும்பும் வாக்காளர், நூற்றுக்கணக்கான வரிசைகளுக்கு இதே கேள்வியை எழுப்ப வேண்டியிருக்கும்.

எக்செல், கூகுள் ஷீட்ஸ் ஆகிய இரண்டிலும் இதற்கு மூன்று சார்புகள் சேர்ந்து பயன்படுகின்றன. மேக்ஸ் மிகப்பெரிய எண்ணைத் தருகிறது. மேட்ச் அந்த எண் எத்தனையாவது இடத்தில் உள்ளது என்று கூறுகிறது. இண்டெக்ஸ் அதே இடத்தில் உள்ள பெயரை எடுத்துத் தருகிறது. பி முதல் எஃப் வரை ஐந்து வேட்பாளர்கள், முதல் வரிசையில் பெயர்கள் எனில் சூத்திரம் இவ்வாறு அமையும் (விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகளிலேயே உள்ளிட வேண்டும்):

=இண்டெக்ஸ்($பி$1:$எஃப்$1, மேட்ச்(மேக்ஸ்(பி2:எஃப்2), பி2:எஃப்2, 0))

டாலர் குறிகள் பெயர் வரிசையை நிலைநிறுத்துகின்றன. அவை இல்லாமல் சூத்திரத்தைக் கீழே இழுத்தால், இரண்டாவது சாவடியிலிருந்தே பெயருக்குப் பதில் மேல் வரிசையின் வாக்கு எண்ணிக்கை வந்து நிற்கும். பலரும் பழகிய விலுக்கப், ஹெச்லுக்கப் சார்புகள் இங்கு நேரடியாக உதவுவதில்லை. முன்னது தேடும் நெடுவரிசைக்கு வலப்புறத்தில் இருப்பதை மட்டுமே தரும். பின்னது தேடும் வரிசைக்குக் கீழே இருப்பதை மட்டுமே தரும். முடிவு அட்டவணையிலோ பெயர் மேலே இருக்கிறது. மைக்ரோசாப்ட் 2019-ல் அறிவித்த எக்ஸ்லுக்கப் சார்புக்கு இந்தத் தடை இல்லை.

இறுதியில் உள்ள பூஜ்யம் அற்பமானதன்று. சரியாகப் பொருந்தும் எண்ணை மட்டுமே தேடு என்பது அதன் பொருள். அதை விட்டுவிட்டால், எண்கள் ஏறுவரிசையில் இருப்பதாக மென்பொருள் கருதிக்கொள்ளும். பெரும்பாலும் பட்டியலின் கடைசியில் உள்ள பெயரே விடையாக வரும். எந்த எச்சரிக்கையும் தோன்றாது.

படிவத்தில் வேட்பாளர்களை அடுத்து மொத்த வாக்குகளுக்கான நெடுவரிசையும் உண்டு. வரம்பு தவறி அதுவரை நீண்டால், வாக்கு பதிவான எல்லாச் சாவடிகளிலும் வென்றவர் 'மொத்தம்' என்றே காட்டும். இந்தப் பிழை உடனே தெரிந்துவிடும் என்பதால் ஆபத்து குறைவு. பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்த எண்கள் எழுத்துகளாகப் பதிவாவதுதான் உண்மையான ஆபத்து. மேக்ஸ் அவற்றைப் பொருட்படுத்தாது கடந்துசெல்லும். அதிக வாக்கு பெற்றவர் சத்தமின்றிக் கணக்கிலிருந்து விடுபட்டு, அடுத்தவர் பெயர் விடையாகும். கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும் எண்களைச் சந்தேகிப்பது நல்லது.

நோட்டா மற்றொரு கேள்வி. உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பையடுத்து நடைமுறைக்கு வந்த நோட்டாவுக்கு, 2024 மக்களவைத் தேர்தலில் இந்தூர் தொகுதியில் 2,18,674 வாக்குகள் கிடைத்து அது இரண்டாமிடம் பெற்றது. மக்களவை, சட்டப்பேரவைத் தேர்தல்களில் நோட்டா முதலிடம் பெற்றாலும், வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவரே வென்றவராவார். எனவே வெற்றியாளரைத் தேடும் வரம்பில் நோட்டாவைச் சேர்க்கக் கூடாது. மக்களின் மனநிலையை அறிவதே நோக்கமெனில் சேர்க்கலாம்.

இருவருக்குச் சம வாக்குகள் கிடைத்தால், மேட்ச் முதலில் எதிர்ப்படும் பெயரை மட்டுமே தரும். மற்றவர் இருந்த சுவடே தெரியாது. கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியில் 2004-ல் ஆர். துருவநாராயணா ஒரே வாக்கில் வென்றதை நினைத்தால், இது வெறும் கற்பனைக் கவலையன்று. மும்பை மாநகராட்சியின் 220-வது வார்டில் 2017-ல் பாஜகவின் அதுல் ஷாவும் சிவசேனாவின் சுரேந்திர பாகல்கரும் தலா 5,946 வாக்குகள் பெற, குலுக்கலில் ஷா தேர்வானார். மக்களவை, சட்டப்பேரவைத் தேர்தல்களுக்கு 1951-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 65-வது பிரிவில் இதற்கு வழி வகுத்துள்ளது: குலுக்கலில் பெயர் வந்தவர் கூடுதலாக ஒரு வாக்கு பெற்றதாகக் கருதப்படுவார்.

விரிதாளில் இதைச் சரிபார்க்க அருகிலுள்ள கட்டத்தில் =கவுண்ட்இஃப்(பி2:எஃப்2, மேக்ஸ்(பி2:எஃப்2)) என உள்ளிடலாம். விடை 1-க்கு மேல் இருந்தால் அச்சாவடியில் முதலிடம் பகிரப்பட்டுள்ளது. சமநிலையில் உள்ள பெயர்கள் அனைத்தையும் பெற, கூகுள் ஷீட்ஸிலும் எக்செலின் புதிய பதிப்புகளிலும் ஃபில்டர் சார்பு உள்ளது.