கொள்ளிடம்: கொன்ற இடமா, கொள்ளும் இடமா?

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போகும் கிளை காவிரியாகவே இருக்க, வடக்கே போவது கொள்ளிடம் என்று பெயர் மாறுகிறது. இந்தப் பெயருக்கு ஊரறிந்த கதை ஒன்று உண்டு. திருவரங்கத்தில் மதில் எழுப்பிய திருமங்கையாழ்வார், கூலி கேட்டு நெருக்கிய வேலையாட்களை, அக்கரையில் பணம் இருக்கிறது என்று சொல்லிப் படகேற்றி, நடு ஆற்றில் கவிழ்க்கச் செய்தாராம். மூழ்கியவர்கள் நேரே வைகுந்தம் போனார்களாம். ஆட்களைக் கொன்ற இடம் 'கொல்லிடம்', அது மருவிக் கொள்ளிடம் ஆயிற்று என்று முடிப்பார்கள். கதை சுவையானது. கூலிக்காரர்களுக்கு மோட்சம் கிடைத்த கணக்கை அவர்கள் வீட்டார் ஒப்புக்கொண்டார்களா என்று கதை சொல்வதில்லை, அது போகட்டும். ஆனால் பெயருக்கான காரணமாக இதை ஏற்க முடியாது. இந்தப் பெயரை வைத்தது வெள்ளாமை என்பதே என் கட்சி.

முதலில் எழுத்தைப் பார்ப்போம். தனிக்குறிலை அடுத்து நிற்கும் மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும். அந்த விதிப்படி கொள்+இடம் கொள்ளிடம் ஆகும். கொல்+இடம் கொல்லிடம் ஆகும். இரண்டுமே இலக்கணத்துக்கு ஒத்தவைதாம்; தீர்ப்புச் சொல்ல வேண்டியது லகரமும் ளகரமும். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார், நந்தனாரின் ஆதனூரைப் பாடப் புகும்போதே இந்த ஆற்றைக் கொள்ளிடம் என்று ளகரத்தோடு சொல்கிறார். பேச்சில் மாறியிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். தஞ்சைப் பக்கம் பேச்சில் மாறுவது ழகரம். 'வாழைப்பழம்' வாளப்பளம் ஆகும். லகரமும் ளகரமும் அங்கே இடம் மாறுவதில்லை. கொல்லையையும் கொள்ளையையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. இன்னும் வலுவான தடை ஒன்று உண்டு: கொலையைச் சுட்டும் பெயர் அமங்கலம் என்று பக்தர்களே வேண்டுமென்று எழுத்தை மாற்றியிருக்கலாமே? அப்படி மாற்றுவது வழக்கமென்றால் கொல்லிமலையும் தப்பியிருக்காது. வருபவரைச் சிரித்து மயக்கிக் கொல்லும் பாவை அங்கே இருப்பதாகச் சொன்ன மரபு, சங்ககாலம் தொட்டு அந்த மலையை லகரத்தோடுதான் எழுதுகிறது. தவிர, வைணவர்களுக்கு இந்த ஆற்றைச் சொல்ல மங்கலமான பெயர் தனியாகவே இருக்கிறது: வடதிருக்காவேரி. கோயிலுக்கு அந்தப் பெயர் போதும். கொள்ளிடம் என்பது கரையில் குடியிருந்து பயிர் செய்தவர்களின் சொல்.

அவர்களுக்கு அந்தச் சொல் ஏன் தேவைப்பட்டது என்பதை நிலத்தின் வாட்டம் சொல்கிறது. டெல்டா ஆறுகள் தாம் கொண்டுவரும் வண்டலைக் கரையோரம் படியவிட்டு, சுற்றுப்புறத்தைவிடச் சற்று உயர்ந்த முதுகின் மேல் ஓடுபவை. காவிரியும் வெண்ணாறும் அப்படி உயர்ந்து ஓடுவதால்தான் வாய்க்கால் வெட்டி இருபுறமும் தண்ணீர் பாய்ச்ச முடிகிறது. வெள்ளம் வந்தால் கரை உடைத்துக்கொண்டு வயலில் இறங்குவதும் அதனால்தான். கொள்ளிடம் தாழ்ந்தது, அகன்றது, ஏறக்குறைய நேராகக் கடலுக்குப் போவது. காவிரி கிளை கிளையாகப் பிரிந்து மெலிய, இது கடைசிவரை ஒரே ஆறாகவே இருக்கிறது. மிஞ்சிய வெள்ளத்தைக் கொள்ள வேறு இடம் கிடையாது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றுக்கும் பங்கு வைத்த பிறகு மிச்சத்தைக் கொள்ளிடத்தில் விடுகிறார்கள். 'கொள்ளிடத்துல தொறந்துட்டாங்க' என்று கேட்டால், மேட்டூர் நிரம்பி வழிகிறது என்று டெல்டாக்காரர் புரிந்துகொள்வார். கொள்கலம், கொள்ளளவு என்று நாம் இன்றும் சொல்லும்போது வரும் அதே 'கொள்'தான் இது.

இதற்கு ஒரு மறுப்பு வரலாற்றிலிருந்து வரும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடம் மிச்சத்தை மட்டும் கொள்ளவில்லை, முதலையே எடுத்துக்கொண்டது. காவிரியின் தலைப்பில் மணல் மேடிட, தண்ணீர் தாழ்ந்த வடகிளையிலேயே பாய்ந்தது. தஞ்சைச் சீமை வயல்கள் காய்ந்தன. ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டியது இதைத் தடுக்கத்தான். அப்படியானால் இது கொள்ளையடித்த இடம் அல்லவா? இருக்கட்டும், கொள்ளை என்ற சொல்லும் 'கொள்' பெற்ற பிள்ளைதானே. தண்ணீரை வாங்கிக்கொள்வது, பறித்துக்கொள்வது என்ற இரண்டையுமே அந்த வினை தாங்கும். ஆறும் இரண்டையும் செய்தது. உழவனின் வாயில் பெயர் நிலைத்ததற்கு அந்த இருபொருளும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: எந்தப் பொருளில் எடுத்தாலும் ஆறு கொண்டது தண்ணீரைத்தான், ஆளை அல்ல.

கீழே போகப் போக ஊர்ப் பெயர்களும் சாட்சிக்கு வருகின்றன. கழிமுகத்துக்கு அருகே நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல் என்ற ஊர்கள் இருக்கின்றன. படுகை, மேடு, திட்டு, மணல் என்று ஆறு போட்டுவிட்டுப் போனதையே ஊருக்குப் பெயராக வைத்தவர்கள், ஆற்றுக்கும் அதன் வேலையையே பெயராக வைத்ததில் வியப்பில்லை. கொள்ளிடத்தில் தண்ணீர் கூடினால் முதலில் மூழ்குவதும் இந்த ஊர்கள்தாம். பிறகு பழையாறு அருகே கடல். பூம்புகாரில் காவிரி வாய்க்காலாய் ஒடுங்கிக் கடலைத் தொடுகிறது. கொள்ளிடமோ அகன்ற முகத்தோடு சேர்கிறது. 1749இல் கிழக்கிந்தியக் கம்பெனி தஞ்சை மராட்டியரிடமிருந்து பிடித்த தேவிகோட்டையும் இந்த முகத்தில்தான் இருந்தது. வடக்கே பிச்சாவரத்தின் சதுப்புக் காடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரம் அங்கே இன்றும் நிற்கிறது.

ஐரோப்பியர் இதைக் கோலரூன் என்று எழுதினார்கள். அந்த வடிவம் பொருளைப் பற்றி ஒன்றும் சொல்லாது, ட் அவர்கள் காதில் ர் ஆக விழுந்தது என்பதைத் தவிர. 2018 ஆகஸ்டில் மேலணையின் 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டபோது, கொல்லிடக் கதை மறுபடி உலாவந்திருந்தால் வியப்பதற்கில்லை. ஆற்றில் குளிக்க இறங்கி மணல் அள்ளிய பள்ளத்தில் சிக்குபவர்கள் உண்டு என்பதால் அந்தக் கதைக்கு ஆயுள் நீள்கிறது. கதையைக் கோயில் கதையாகச் சொல்லட்டும், தடையில்லை. பாடநூலிலும் சுற்றுலா வழிகாட்டியிலும் பெயர்க்காரணம் என்று அச்சிடும்போது மட்டும் கொள்+இடம் என்று பிரித்துப் போடுங்கள். அந்த ஆறு கொண்ட தண்ணீர்தான் அணைக்கரைக் கீழணையில் திரும்பி, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போய், சென்னையில் குழாய்த் தண்ணீராக வருகிறது.